தொடலைன்னா கமிட்டிக்கு வராதா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன):

வயது 34. திருப்பூர்ப் பக்கம் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஏழு வருடமாக அக்கவுண்ட்ஸ் வேலை. கணவர் வேன் ஓட்டுகிறார், இரண்டு குழந்தைகள். தையல் லைன், செக்கிங், பேக்கிங், ஆபீஸ் எல்லாம் சேர்த்து 200 பேருக்கு மேல் வேலை பார்க்கும் இடம். ஜூன் மாதம் இவருக்குப் பொறுப்பும் சம்பளமும் கூடின. அன்று தொடங்கியது. ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மூத்த ஊழியர், எல்லோருக்கும் 'அண்ணா', இவரைப் பார்க்கும்போதெல்லாம் ஜாடை பேச ஆரம்பித்தார். "மாடி ரூமுக்கு நாலு தடவை போயிட்டு வந்தா நமக்கும்தான் சம்பளம் ஏறும். என்ன பண்றது, ஆம்பளையாப் பொறந்துட்டமே." "நைட் ஷிப்மென்ட்டுன்னா மேடத்துக்கு மறுநாள் முகத்துல தனிக் களை." கடைசியாக அப்படிப் பேசியது அக்டோபர் 17 அன்று, கேன்டீனில், ஏழெட்டுப் பேர் இருக்கும்போது.

அக்டோபர் 24 அன்று பெட்டி கேஷ் (சில்லறைச் செலவுக்கான ரொக்கம்) எண்ணியதில் 18,400 ரூபாய் குறைந்தது. அன்று மாலையே 43 பேர் இருக்கும் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் அவர் போட்ட செய்தி: "கணக்கு எழுதற கையே களவாண்டா கம்பெனி எங்க உருப்படும். பெரிய இடத்துச் செல்லம், கேக்க ஆளில்ல." ஒரு மணி நேரத்தில் அழித்துவிட்டார். அதற்குள் சக ஊழியை ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்கிறார். மேனேஜரிடம் சொன்னால், "ரெண்டு பேரும் உக்காந்து பேசித் தீத்துக்கங்க." ஹெச்.ஆரிடம் சொன்னால், "தொட்டாரா? தொடலைன்னா கமிட்டிக்கு வராதும்மா." இதற்கிடையே, பற்றாக்குறைக்குப் பொறுப்பேற்று, சம்பளத்தில் மாதம் 2,000 வீதம் பிடித்துக்கொள்ளச் சம்மதம் என்று டைப் செய்த தாள் ஒன்றில் கையெழுத்துக் கேட்கிறார்கள். கணவர், "நாலு பேரைக் கூட்டிட்டு வந்து கேக்கறேன்" என்கிறார். வேலையை விட்டுவிடலாமா, போலீஸுக்குப் போகலாமா, மானநஷ்ட வழக்குப் போடலாமா, நிரூபிக்க முடியாவிட்டால் என்மீதே நடவடிக்கை வருமா என்பவை இவருடைய கேள்விகள்.

பதில்:

சகோதரி, நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப் போவதில்லை. கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்தத் தாள்தான் எல்லாவற்றிலும் அவசரம். அதில் கையெழுத்துப் போடாதீர்கள். "சும்மா ஃபார்மாலிட்டிக்குத்தான்" என்பார்கள். மாதம் 2,000 ரூபாய் போனால் போகட்டும், நிம்மதியாக இருக்கலாம் என்று உங்களுக்கும் தோன்றும். ஆனால் அந்தத் தாளின்படி 18,400 ரூபாய்க்கு நீங்கள் பொறுப்பு என்பது உங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்ததாகிவிடும். அதன்பிறகு வாட்ஸ்அப்பில் அவர் போட்ட செய்தி பொய் என்று எந்தக் கமிட்டியிடமும் எந்த நீதிமன்றத்திலும் சொல்ல வாய் வராது. ஊழியர் கையாளும் பணம் அவருடைய கவனக்குறைவால் குறைந்தால் சம்பளத்தில் பிடிக்கச் சட்டத்தில் இடமுண்டு, உண்மைதான். ஆனால் அவரிடம் முறையாக விளக்கம் கேட்டு, அதைப் பரிசீலித்த பிறகுதான் பிடிக்கலாம். உங்களிடம் யாரும் இதுவரை எழுத்தில் விளக்கமே கேட்கவில்லை.

தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது கோபப்பட வேண்டாம். "பற்றாக்குறை எப்படி வந்தது என்று கணக்கைச் சரிபார்த்து எழுத்துமூலம் விளக்கம் தருகிறேன். அதுவரை இதில் கையெழுத்திட இயலாது" என்று உங்கள் மின்னஞ்சலில் இருந்து மேனேஜருக்கும் ஹெச்.ஆருக்கும் இரண்டு வரி அனுப்புங்கள். அந்த மின்னஞ்சலின் நகல் உங்கள் சொந்த முகவரிக்கும் வந்திருக்கட்டும். கம்பெனி மின்னஞ்சலை அவர்கள் எந்த நாளும் முடக்கலாம்.

உங்களுக்கு நடந்தவை இரண்டு. ஒன்று, பெண் என்பதால் உங்கள்மீது வீசப்பட்ட பேச்சு. இன்னொன்று, பணம் எடுத்ததாகச் சொல்லப்பட்ட பழி. இரண்டையும் ஒரே ஆள் செய்ததால் மனதில் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன, கடிதத்திலும் அப்படியே வந்திருக்கிறது. சட்டத்தில் இவற்றுக்குப் பாதை வேறு, வேறு. ஒரே புகாரில் இரண்டையும் கொட்டினால், "கையாடல் வெளிவந்ததும் தப்பிக்கப் பாலியல் புகார் கொடுக்கிறார்" என்று எதிர்த்தரப்பு சொல்வதற்கு நீங்களே எடுத்துக் கொடுத்ததுபோல் ஆகும்.

தொடாமல் பேசினாலும்

உங்கள் ஹெச்.ஆர். சொன்னது தவறு. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் (போஷ் சட்டம் என்கிறோமே, அதுதான்) ஐந்து வகை நடத்தைகளைப் பட்டியலிடுகிறது. தொடுவது அதில் ஒன்று. பாலியல் சாயல் கொண்ட பேச்சு தனியாக இன்னொன்று. வாய்ப்பேச்சாகவோ சைகையாகவோ வரும், பெண் விரும்பாத பாலியல் நடத்தை மற்றொன்று. வேலைக்கு இடைஞ்சல் செய்வது, அச்சமூட்டும் அல்லது அருவருப்பான பணிச்சூழலை உண்டாக்குவது, உடல்நலத்தைப் பாதிக்கும் அளவுக்கு அவமானப்படுத்துவது ஆகியவையும் அப்படிப்பட்ட பேச்சோடு சேர்ந்து வந்தால் துன்புறுத்தலே என்று 3-ஆம் பிரிவு சொல்கிறது. 'மாடி ரூம்' பேச்சு எதைக் குறிக்கிறது என்று கேன்டீனில் இருந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உழைத்து வாங்கிய பொறுப்பைப் படுக்கையோடு இணைத்துப் பேசுவது பாலியல் சாயல் கொண்ட பேச்சல்ல என்று வாதாடுவது கடினம்.

"விளையாட்டுக்குச் சொன்னேன், கெட்ட எண்ணம் இல்லை" என்று அவர் சொல்வார். நிச்சயம் சொல்வார். 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தனியார் நிறுவன வழக்கில் இதற்குப் பதில் தந்திருக்கிறது: செய்தவரின் உள்நோக்கத்தைவிட, அந்த நடத்தை அந்தப் பெண்ணால் விரும்பப்படாததா, அவரை அது எப்படிப் பாதித்தது என்பதே பார்க்க வேண்டியது. புகாரில் இதை வாதமாக எழுதத் தேவையில்லை. "எனக்கு இது பிடிக்கவில்லை என்று இன்ன நாளில் சொன்னேன்" என்று எழுத முடிந்தால் போதும். சொல்லவே இல்லையென்றாலும் புகார் நிற்கும். மூத்த ஊழியரை எதிர்த்துப் பேசத் தயங்குவது ஊரறிந்த சங்கதி.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த இடத்திலும் இப்படிப்பட்ட புகாரை விசாரிக்க உள்ளகக் குழு (ஹெச்.ஆர். சொன்ன 'கமிட்டி' இதுதான்) இருக்க வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியராக இருக்க வேண்டும். ஊழியர்களில் குறைந்தது இருவர், வெளியிலிருந்து தொண்டு நிறுவனம் சார்ந்தோ இத்துறையில் பழக்கமுள்ளவராகவோ ஒருவர், மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். உறுப்பினர் யார் யார் என்ற உத்தரவைக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வைப்பதும் நிர்வாகத்தின் கடமை. ஏற்றுமதி நிறுவனங்களில் வெளிநாட்டு பையரின் ஆடிட்டுக்காகவே இந்தப் போஸ்டரை டைம் ஆபீஸ் பக்கமோ கேன்டீன் சுவரிலோ ஒட்டியிருப்பார்கள். கைபேசியில் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போஸ்டரில் உள்ள பெயர்களில் சிலர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருப்பதும் சகஜம். அப்படியென்றால், "தற்போதைய குழு உறுப்பினர்கள் விவரம் வேண்டும்" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். குழுவே அமைக்காவிட்டால் நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு என்பது உங்கள் ஹெச்.ஆருக்குத் தெரிந்திருக்கும்.

குழு இல்லை, அல்லது பெயருக்குத்தான் இருக்கிறது என்று தெரிந்தால் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட சமூக நல அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். பத்துக்கும் குறைவானோர் வேலை செய்யும் இடங்களுக்கும், முதலாளி மீதே புகார் என்றாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுதான் விசாரிக்கும். மத்திய அரசின் 'ஷி-பாக்ஸ்' இணையதளத்திலும் பதியலாம். அங்கு பதிந்தால் புகார் எந்த நிலையில் இருக்கிறது என்று எண் வைத்துப் பார்க்க முடியும்.

மூன்று மாதக் கணக்கு

ஜூனில் நடந்ததற்கு நவம்பரில் புகார் செல்லாது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும் என்பது சரி. ஆனால் தொடர்ச்சியாக நடந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்துதான் கணக்கு. உங்கள் விஷயத்தில் கேன்டீன் பேச்சு அக்டோபர் 17, வாட்ஸ்அப் செய்தி அக்டோபர் 24. அந்தச் செய்தியின் இரண்டாவது வரியான 'பெரிய இடத்துச் செல்லம்' ஜூனிலிருந்து வரும் அதே ஜாடையின் தொடர்ச்சி. ஆனாலும் அது பாலியல் பேச்சில் சேராது என்று அவர் வாதாட இடம் கொடுக்காமல், 17-ஆம் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். ஜனவரி 16-க்குள் புகார் குழுவின் கையில் இருக்கட்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். அந்தச் சலுகையை நம்பி உட்கார வேண்டாம். இந்த மாதமே கொடுப்பது நல்லது. நாள் போகப்போகச் சாட்சிகளின் ஞாபகம் மங்கும், அவர்கள் மனமும் மாறும்.

புகாரை எழுதும் விதம்

"தொடர்ந்து ஆபாசமாகப் பேசி மன உளைச்சல் தருகிறார்" என்ற வாக்கியத்தை வைத்து ஒரு குழுவும் எதுவும் செய்ய முடியாது. எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், யார் இருந்தார்கள், என்ன சொன்னார் என்ற ஐந்தும் ஒவ்வொரு சம்பவத்துக்கும் வேண்டும். இப்படி:

"17.10 அன்று மாலை சுமார் 4 மணிக்கு, டீ இடைவேளையில், கேன்டீன் தண்ணீர்க் குழாய் அருகே நான் நின்றபோது, பேக்கிங் பிரிவைச் சேர்ந்த இன்னார், இன்னார் கேட்கும்படி, 'நைட் ஷிப்மென்ட்டுன்னா மேடத்துக்கு மறுநாள் முகத்துல தனிக் களை' என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். நான் டீயைக் குடிக்காமல் சீட்டுக்குத் திரும்பினேன்."

அவர் பேசிய பேச்சை அவர் பேசியபடியே எழுதுங்கள். கூச்சப்பட்டு 'தகாத வார்த்தை' என்று எழுதினாலோ புள்ளி வைத்தாலோ, சாதாரணமாகத்தான் பேசினேன் என்று சொல்ல அவருக்கு இடம் கிடைக்கும். தேதி நிச்சயமில்லாத சம்பவங்களுக்குத் தேதியை இட்டுக்கட்ட வேண்டாம். "ஆகஸ்ட் மாதம், சம்பள நாளுக்கு மறுநாள்" என்பதுபோல் நினைவில் உள்ளதை மட்டும் எழுதுங்கள். நடக்காத ஒன்றை, உதாரணமாகக் கையைப் பிடித்தார் என்று, வலு சேர்க்கச் சொல்லிக் கொடுப்பவர்கள் உங்களைச் சுற்றி இருக்கலாம். அது ஒன்றே புகார் முழுவதையும் கெடுத்துவிடும்.

சாட்சி சொல்ல வரமாட்டார்கள் என்று கவலைப்படுகிறீர்கள். பெயரை எழுதுங்கள், எழுதுமுன் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். யாரையும் அழைத்து விசாரிக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் குழுவுக்கு உண்டு. தானாக வந்து சொல்லத் தயங்குகிறவர், "கமிட்டி கூப்பிட்டுக் கேட்டாங்க, சொன்னேன்" என்னும் நிலையில் பேசுவார். இன்னொரு வகைச் சாட்சியம் உங்களிடமே இருக்கலாம். அந்தந்த நாள் இரவில் தங்கைக்கோ தோழிக்கோ, "இன்னைக்கு இப்படிச் சொன்னான்" என்று நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியோ குரல்பதிவோ இருந்தால் அதைத் தேடி எடுங்கள். சண்டை முற்றிய பிறகு இட்டுக்கட்டியதல்ல என்று காட்ட அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

ஸ்கிரீன்ஷாட் விஷயத்தில் பெரும்பாலானோர் ஒரே இடத்தில் கோட்டை விடுகிறார்கள். படத்தில் 'ஸ்டோர்ஸ் அண்ணா' என்று சேமித்த பெயர்தான் தெரியும், எண் தெரியாது. அதை எடுத்த தோழியிடம், அந்தப் பெயரைத் தொட்டால் வரும் பக்கத்தையும் எண் தெரியும்படி இன்னொரு படம் எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் கைபேசியில் அந்த வாட்ஸ்அப் குழுவின் உரையாடலை 'எக்ஸ்போர்ட் சாட்' வழியாகக் கோப்பாக எடுத்து, உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். செய்தி அழிக்கப்பட்டதும், அதற்கு மற்றவர்கள் போட்ட பதில்களும் நேரத்தோடு அதில் இருக்கும். வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேற வேண்டாம். இரண்டு பேரும் இப்போதைக்குக் கைபேசியை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். உள்ளகக் குழு விசாரணைக்குப் படம் போதும். விஷயம் நீதிமன்றம் போனால் மின்னணுச் சான்றுக்கு பாரதிய சாட்சிய அதினியம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், அதற்கு மூலக் கருவி கையில் இருப்பது பெரிய உதவி. கேன்டீனில் கேமரா இருந்தால், அக்டோபர் 17 மாலைப் பதிவை அழிக்காமல் வைக்குமாறு இன்றே எழுதுங்கள். பழைய பதிவின் மேல் புதியது தானாக ஏறிக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே போயிருந்தாலும், கேட்டோம் என்ற பதிவு இருக்கட்டும்.

புகாரை ஆறு பிரதிகளாக, ஆவணங்கள், சாட்சிகளின் பெயர் முகவரியோடு கொடுக்க வேண்டும் என்பது விதி. ஏழாவது பிரதியில் தேதியோடு 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்கி வீட்டில் வையுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலும் மின்னஞ்சலும்.

விசாரணை எப்படி நடக்கும்

புகார் வந்த ஏழு வேலை நாளுக்குள் குழு ஒரு பிரதியை அவருக்கு அனுப்பும். அவர் பத்து வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். விசாரணையை 90 நாளுக்குள் முடித்து, அடுத்த பத்து நாளுக்குள் அறிக்கை. அதன்மேல் நிர்வாகம் 60 நாளுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். இரு தரப்புக்கும் வக்கீல் கிடையாது. உங்களுக்காக நீங்களேதான் பேச வேண்டும். ஆகவே எழுத்தில் எல்லாம் இருப்பது முக்கியம்.

விசாரணை முடியும்வரை அவர் முகத்தில் விழிக்காமல் இருக்க வழி இருக்கிறது. எழுதிக் கேட்டால், உங்களையோ அவரையோ வேறு இடத்துக்கு மாற்றவும், வழக்கமான விடுப்பு போக மூன்று மாதம் வரை கூடுதல் விடுப்புத் தரவும் குழு பரிந்துரைக்கலாம். விடுப்பைக் கேட்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். பணக் கணக்கு கேள்விக்குள்ளாகி இருக்கும்போது நீங்கள் சீட்டில் இல்லாமல் போவது நல்லதல்ல. ஸ்டோர்ஸ் பில்களை அவர் நேரில் கொண்டுவராமல் வேறு ஆள் வழியாக அனுப்ப வேண்டும், உங்கள் பகுதிக்கு வரக்கூடாது என்று கேளுங்கள்.

"பேசித் தீத்துக்கங்க" என்று மேனேஜர் சொன்னது சட்டம் சொல்லும் சமரசம் ஆகாது. சமரசம் நீங்கள் கேட்டால் மட்டும், குழுவின் மூலம், எழுத்தில் நடக்க வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு முடிப்பதற்கு அதில் இடமில்லை. நீங்கள் அந்த வழியை விரும்பினால் இரண்டு நிபந்தனைகளை விடாதீர்கள்: இனி இப்படிப் பேசமாட்டேன் என்று எழுத்து உறுதி, அதே 43 பேர் குழுவில் அவருடைய எண்ணிலிருந்தே வருத்தம் தெரிவிக்கும் செய்தி. சமரசம் பதிவானால் விசாரணை அதோடு நிற்கும், அவர் அதை மீறினால் குழுவிடம் திரும்பப் போகலாம்.

நிரூபிக்க முடியாவிட்டால் உங்கள்மீது நடவடிக்கை வருமா என்றால், வராது. வேண்டுமென்றே பொய் என்று தெரிந்து கொடுத்த புகாருக்கும், போலி ஆவணத்துக்கும்தான் போஷ் சட்டத்தின் 14-ஆம் பிரிவு. போதிய ஆதாரம் தர முடியாமல் போவது மட்டும் அதில் வராது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. வேறொன்றில் கவனம் வேண்டும்: புகாரையோ விசாரணையில் நடந்ததையோ முகநூலிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போடாதீர்கள். ரகசியம் காக்கும் கடமை உண்டு.

18,400 ரூபாய்

இதுதான் உங்களை உண்மையில் தூங்கவிடாமல் செய்கிறது என்று கடிதத்தைப் படித்தால் புரிகிறது. கண்ணீரோ சத்தியமோ இங்கே உதவாது. ஒரு தாள் போதும். கடைசியாகப் பணமும் புத்தகமும் ஒத்துப்போன நாளைப் பிடியுங்கள். அந்த நாளின் இருப்பு, அதற்குப் பின் பேங்கிலிருந்து எடுத்து வந்த தொகை, வவுச்சர் போட்டுக் கொடுத்த செலவு, வவுச்சர் இல்லாமல் துண்டுச் சீட்டில் கொடுத்த அட்வான்ஸ், அக்டோபர் 24 அன்று எண்ணிய தொகை என்று வரிசையாக எழுதுங்கள். பின்னலாடை ஆபீஸில் பெட்டி கேஷ் எங்கே ஓட்டையாகும் என்பது உங்களுக்கே தெரியும். ஏற்றுகூலி, இறக்குகூலி, லாரிக்காரர் பேட்டா, ராத்திரி ஷிப்மென்ட்டுக்குப் பரோட்டா என்று அவசரத்துக்குச் சீட்டில் வாங்கிப் போவார்கள், பில் வராது, சீட்டு டிராயரிலேயே கிடக்கும்.

நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: செட்டில் ஆகாத சீட்டுகள் ஒன்பது, மொத்தம் 14,650 ரூபாய், அதில் நான்கு ஸ்டோர்ஸ்காரர் கையெழுத்தோடு. ஆக விளக்க வேண்டிய மீதி 3,750. இதைக் கேட்டதும் பலருக்குத் தோன்றுவது, "அவன்தான் திருடன்" என்று திருப்பி எழுதுவது. அதைச் செய்யாதீர்கள். சீட்டில் பணம் வாங்கிப் பில் கொடுக்காதது திருட்டு ஆகிவிடாது. அப்படி எழுதினால் அவர் உங்கள்மேல் போட்ட பழியையே நீங்கள் அவர்மேல் போட்டவராகிவிடுவீர்கள். "கீழ்க்கண்ட ஒன்பது சீட்டுகளுக்குப் பில் வரவேண்டியுள்ளது" என்று தேதி, தொகை, வாங்கியவர் பெயரோடு அட்டவணை போடுங்கள். படிக்கிறவருக்கு விளங்கும். சீட்டுகளை இன்றே கைபேசியில் முன்பின் இரு பக்கமும் படம் எடுங்கள். மூலத்தை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், கம்பெனி ஆவணத்தை எடுத்தார் என்று புதிதாக ஒன்று சேரும். பணப்பெட்டியின் சாவி யார் யாரிடம் இருந்தது, 24-ஆம் தேதி எண்ணும்போது நீங்கள் கூட இருந்தீர்களா, எண்ணிக்கையை எழுதி யாராவது கையெழுத்திட்டார்களா என்ற மூன்றும் விளக்கத்தில் வர வேண்டும். நீங்கள் இல்லாதபோது எண்ணியிருந்தால் அதுவே முக்கியமான ஆட்சேபணை.

நிர்வாகம் மெமோ கொடுத்தால் பயப்படாதீர்கள், வாங்க மறுக்காதீர்கள். அதில் குறித்த நாளுக்குள் பதில் தந்துவிடுங்கள். அவகாசம் போதாவிட்டால், அந்த நாள் கடக்குமுன் எழுதிக் கேளுங்கள். குற்றச்சாட்டுக் குறிப்பாணை, ஆவண நகல், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு, உள்விசாரணை என்று எதுவும் இல்லாமல் திருட்டுக் குற்றம் சாட்டி வேலையை விட்டு எடுத்தால் அது தொழிலாளர் நீதிமன்றத்தில் நிற்பது கடினம். தற்காலிகப் பணிநீக்கம் செய்தால் முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் பாதி பிழைப்பூதியமாகத் தர வேண்டும். நீங்கள் பாலியல் புகார் கொடுத்த கையோடு மெமோ வந்தால், அந்தத் தேதிகளைக் காட்டி உள்ளகக் குழுவுக்கு ஒரு வரி எழுதுங்கள்.

போலீஸ், மானநஷ்டம்

போலீஸுக்குப் போக உள்ளகக் குழுவின் அனுமதி தேவையில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம், கேட்டால் நிறுவனம் உதவவும் வேண்டும். பாலியல் சாயல் கொண்ட பேச்சுக்கு பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய தண்டனைச் சட்டம்) 75-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பெண்ணின் மானத்துக்கு இழுக்கு உண்டாக்கும் நோக்கத்துடன் பேசினால் 79-ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை. இருந்தாலும் உங்கள் நிலையில் முதலில் குழுவுக்கே போகச் சொல்வேன். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் இருவரையும் கூப்பிட்டு எழுதி வாங்கி அனுப்பிவிடுவது வழக்கமாக நடப்பது. அது அவருக்கு ஒரு நாள் சங்கடம், உங்களுக்கு மறுநாள் அதே கேன்டீன். ஆனால் அவர் பின்தொடர்ந்தாலோ, வீட்டுக்கோ கைபேசிக்கோ வந்தாலோ, மிரட்டினாலோ காத்திருக்க வேண்டாம். 181 என்ற மகளிர் உதவி எண் எந்நேரமும் உண்டு.

மானநஷ்டத்தில் உங்களுக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. போலீஸ் இதில் நேராக வழக்குப் பதியாது. குற்றவியல் நடுவரிடம் நீங்களே தனிப் புகார் தாக்கல் செய்ய வேண்டும், அதே சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு. பணம் குறைகிறது என்று அவர் மேலதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு சொல்லியிருந்தால் அது அவதூறே ஆகாது, சட்டத்தில் விதிவிலக்கு உண்டு. 43 பேர் குழுவில் போட்டதற்கு அந்தப் பாதுகாப்பைக் கோருவது சிரமம். உங்கள் பெயரைப் போடவில்லை என்பார். பெட்டி கேஷ் கணக்கு எழுதுவது நீங்கள் ஒருவர்தான் என்று மற்றவர்களுக்குத் தெரியும் என்பதைச் சாட்சி வைத்துக் காட்ட வேண்டும். நடுவரிடம் செல்ல மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. இழப்பீடு கேட்டு உரிமையியல் வழக்குப் போட ஓராண்டுதான். ஆகவே இப்போது வேண்டாம். கணக்குச் சரியென்று எழுத்தில் வந்த பிறகு போடும் வழக்குக்கும், பணம் எங்கே என்று தெரியாத நிலையில் போடும் வழக்குக்கும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்.

கணவருக்கு ஒரு வார்த்தை. அண்ணா, உங்கள் கோபம் நியாயம். நான்கு பேரோடு கம்பெனி வாசலில் நின்றால் அடுத்த அரை மணி நேரத்தில் காயம், கொலை மிரட்டல் என்று உங்கள்மீது ஒரு புகார் காவல் நிலையத்தில் இருக்கும். உங்கள் மனைவிக்குச் சாட்சி சொல்ல இருந்த பேக்கிங் பெண்கள் அத்தோடு ஒதுங்கிவிடுவார்கள். ஆறு பிரதியும் ஜெராக்ஸ் எடுத்து, விசாரணை நாளில் வாசல்வரை வேனில் கொண்டுவிட்டு, முடியும்வரை காத்திருங்கள்.

வேலையை விடுவது

விடாதீர்கள் என்று சொல்வது எனக்குச் சுலபம், தினமும் போக வேண்டியவர் நீங்கள். முடியவில்லை என்றால் விடலாம். ஆனால் புகாரும் கணக்கு விளக்கமும் கொடுத்த பிறகு விடுங்கள். வேலையை விட்டதால் புகார் செல்லாமல் போகாது. ராஜினாமா கடிதத்தில் 'சொந்தக் காரணங்களுக்காக' என்று எழுதாதீர்கள். ஹெச்.ஆர். அப்படித்தான் எழுதச் சொல்வார்கள், "எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட் நல்லபடியா வரும்" என்பார்கள். "இன்ன தேதியில் கொடுத்த புகார்கள் நிலுவையில் உள்ளன, இந்தச் சூழலில் பணியைத் தொடர இயலவில்லை" என்று இருக்கட்டும்.

ஐந்து ஆண்டு தாண்டியதால் உங்களுக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. அடிப்படையும் பஞ்சப்படியும் 16,000 என்கிறீர்கள். அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஏழு ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 64,600 ரூபாய். நிறுவனத்துக்கு நஷ்டம் உண்டாக்கியதற்காக வேலையிலிருந்து நீக்கினால் அந்த நஷ்டத்தின் அளவுக்குப் பணிக்கொடையை நிறுத்த நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு. அவர்கள் நீட்டும் அந்தத் தாளை வாங்கிப் படித்துப் பார்க்கும்போது இந்தத் தொகையையும் நினைவில் வையுங்கள்.

புகாரை எழுதக் கைகொடுக்க ஆள் வேண்டுமென்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். தொலைபேசி 15100. போகும்போது ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட், சீட்டுகளின் படங்கள், அந்தக் கையெழுத்துத் தாளின் நகல், தேதிவாரியாக எழுதிய சம்பவப் பட்டியல் ஆகிய நான்கும் கையில் இருக்கட்டும்.